பழுது பார்த்தல்

மாலை ஆறரை மணிக்கு அடையாறு திரு.வி.க. பாலத்தின் நடுவில் ஒரு பழைய பிரீமியர் பத்மினி நின்றுபோனால் என்னவாகும் என்பதை நின்றுபோனவர்களே அறிவர். முதல் அரை நிமிடம் பின்னால் வருகிறவர்கள் ஒலிப்பானை அழுத்துவார்கள். அடுத்த அரை நிமிடம் நம் குலத்தைப் பற்றி விசாரிப்பார்கள். அதன்பின், சென்னையின் நற்பண்பு விழித்துக்கொள்ளும். உணவுப் பொட்டலம் சுமந்து செல்லும் இரண்டு இளைஞர்கள் தங்கள் இருசக்கர வாகனங்களை ஓரங்கட்டிவிட்டு, நம்மை ஒரு சொல்லும் கேளாமல், வண்டியைத் தள்ளத் தொடங்கினார்கள். பாலம் இறங்கியதும் அவர்களுள் ஒருவர், "ஏன் சார், இன்னுமா இத்த வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மிடம் விடை இல்லை.

அது அப்பா 1989இல் வாங்கிய வண்டி. ஃபியட் 1100இன் வழிவந்தது. 1,089 கன சென்டிமீட்டர் இன்ஜின், ஸ்டியரிங்குக்கு அருகிலேயே கியர்க் கம்பி, பின்பக்கம் மீன்செதில் போன்ற இரண்டு மடிப்பு. பம்பாய் குர்லா ஆலையில் இதன் உற்பத்தி 2000ஆம் ஆண்டு வாக்கில் முடிவுக்கு வந்தது. அந்நகரின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக எஞ்சியிருந்த பத்மினிகளும் 2023 அக்டோபர் இறுதியில் விடைபெற்றன. மயிலாப்பூரில் நம் வீட்டு வாசலில் மட்டும் ஒன்று, சனி ஞாயிறுகளில் கடற்கரை வரை சென்று திரும்பும் பணியில், ஓய்வூதியம் இன்றி நீடிக்கிறது. தமிழ் இலக்கியம் கற்பிக்கிறவனுக்குப் பழையதன்மேல் உள்ள பற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இக்கட்டுரை பற்றைப் பற்றியதன்று. இரண்டு மாத இடைவெளியில் இருமுறை பழுதான ஒரு சிறிய பம்ப், நம்மை எதற்காக வெட்கப்பட வைத்தது என்பதைப் பற்றியது.

முதலில் நோயின் குறிகளைச் சொல்லிவிடுவோம். காலையில் வண்டி ஒழுங்காகக் கிளம்பும். நெரிசலில் இருபது நிமிடம் ஊர்ந்தால் இழுவை குறையும், இரண்டு முறை குலுக்கும், நின்றுவிடும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. அரைமணி நேரம் நிழலில் நிறுத்திவைத்தால் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி ஓடும்.

தியாகராய நகரின் ஒரு பக்கத்துத் தெருவில், நண்பர் ஒருவர் கைகாட்டிய பட்டறைக்குக் கொண்டுபோனோம். (பெயர் வேண்டாம். அந்தப் பட்டறை எந்தப் பட்டறையாகவும் இருந்திருக்கலாம்.) முதல் முறை பிளக்குகளை மாற்றினார்கள். வண்டி நின்றது. இரண்டாம் முறை பாயிண்ட்டும் கண்டென்சரும் மாறின. நின்றது. மூன்றாம் முறை கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். மறுபடியும் நின்றது. நான்காம் முறை, "ஏசி பம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார்கள். மாற்றினார்கள். ஓடியது. நாமும் மகிழ்ந்து, கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தோம். மாற்றப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் கடைச் சீட்டு இருந்தது. ஒன்றைக்கூட நாம் கேள்வி கேட்கவில்லை.

இந்த 'ஏசி பம்ப்' என்னும் பெயரை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். குளிர்சாதனம் இல்லாத வண்டியில் ஏசி எங்கிருந்து வந்தது? ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சுக்காரர் 1899இல் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தை வென்றவர். பிறகு அமெரிக்கா சென்று, மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரில் மோட்டார் உதிரிப்பொருள் செய்யும் தொழிலை வளர்த்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே ஏ, சி. அந்நிறுவனத்தின் பெட்ரோல் பம்புகள் உலகெங்கும் பரவின. மனிதர் 1927இல் இறந்துபோனார். அவருடைய முதலெழுத்துகள் நம்மூர்ப் பட்டறைகளில் ஒரு பொதுப்பெயராகிவிட்டன. யார் செய்த பம்பானாலும், இன்ஜின் பக்கவாட்டில் நெம்புகோலால் இயங்கினால் அது ஏசி பம்ப்தான். இலக்கணத்தில் இதை ஆகுபெயர் என்று வகுப்பில் நடத்துகிறோம். எடுத்துக்காட்டுக்கு இனி நூல்களை மட்டும் தேட வேண்டியதில்லை.

இரண்டு மாதம் கழித்து, மேலே சொன்ன பாலத்தில், வண்டி மறுபடி நின்றது. இம்முறை கச்சேரி சாலையை ஒட்டிய ஒரு சந்தில், அறுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனோம். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைக்கிறார்கள். நாமும் அப்படியே அழைத்தோம். பட்டறை என்று சொல்வதற்கு ஒரு தகரக் கூரையும் ஒரு வேப்பமரமும் இருந்தன. நாம் சென்றவுடன், "பம்ப் போன மாசந்தான் பாய் மாத்தினது, அது இருக்காது" என்று முந்திக்கொண்டோம். அவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். பதில் சொல்லவில்லை.

அவர் செய்தவற்றை வரிசையாக எழுதுவது பயனுள்ளது. முதலில், பெட்ரோல் இருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்த்தார். முள் காட்டுவதை அவர் நம்பவில்லை. டேங்க் மூடியைத் திறந்தபோது காதை அருகில் வைத்துக் கேட்டார். மூடியில் உள்ள காற்றுத் துளை அடைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் நின்றுவிடும். திறக்கும்போது 'உஸ்' என்ற ஓசை கேட்கும். கேட்கவில்லை. அடுத்து, காயிலிலிருந்து வரும் தடித்த வயரைப் பிடுங்கிப் பொறி எழாமல் செய்துவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் முனையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டார். உதவிக்கு இருந்த பையனிடம், "செல்ஃப் அடி" என்றார். நல்ல பம்ப் இதயம் துடிப்பதுபோல் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். இங்கே சொட்டுச் சொட்டாக வடிந்தது.

பம்ப் போய்விட்டது என்று நாம் முடிவு கட்டினோம். அவர் கட்டவில்லை. டேங்கிலிருந்து வரும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றினார். பெட்ரோல் நிரப்பிய வேறொரு பாட்டிலிலிருந்து ஒரு சிறு ரப்பர்க் குழாயை நேரே பம்புக்குக் கொடுத்து மறுபடி சுற்றச் சொன்னார். இந்தச் சோதனையின் நுட்பம் பிறகுதான் நமக்கு விளங்கியது. பாட்டிலிலிருந்து பம்ப் நன்றாக இழுத்தால் குற்றம் பம்பில் இல்லை. டேங்கிலிருந்து வரும் வழியில் அடைப்போ காற்று புகும் ஓட்டையோ இருக்கிறது. பாட்டிலிலிருந்தும் இழுக்காவிட்டால் குற்றம் பம்பில்தான். இழுக்கவில்லை. அதன்பிறகே ஸ்பேனரைக் கையில் எடுத்தார். எடுப்பதற்குமுன் இன்ஜின் ஆயில் அளவுக் குச்சியை உருவி, மூக்கருகே கொண்டுபோய், நம்மிடமும் நீட்டினார். பெட்ரோல் வாடை. "ஆயில் ஏறியிருக்கு பாருங்க சார். தானா ஏறுனா சந்தோஷப்படாதீங்க."

பம்புக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டோம். அவர் தம் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். "மூச்ச இழுத்து வயித்த எக்குவோம் இல்ல? அதேதான் சார்." இன்ஜினின் கேம் சுழலும்போது ஒரு தண்டு பம்பின் நெம்புகோலைத் தள்ளுகிறது. நெம்புகோல், உள்ளே இருக்கும் ரப்பர் பூசிய துணித் தகட்டைக் கீழே இழுக்கிறது. மேலே வெற்றிடம் உண்டாகி, ஒரு சிறு வால்வு திறந்து, டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வருகிறது. தண்டு விலகியதும் ஸ்பிரிங் தகட்டை மேலே தள்ள, முதல் வால்வு மூடி, இரண்டாம் வால்வு வழியாகப் பெட்ரோல் கார்ப்பரேட்டருக்குப் போகிறது. அங்கே மிதவைக் கிண்ணம் நிரம்பிவிட்டால் ஊசி அடைத்துக்கொள்ளும். தகடு மேலெழ இடமின்றிக் காத்திருக்கும். நெம்புகோல் மட்டும் வெறுமனே ஆடும். வேண்டும்போது வேண்டிய அளவுக்குக் கொடுப்பதற்கு இதைவிட எளிய ஏற்பாட்டை நாம் கண்டதில்லை. தகடு கிழிந்தால் இழுக்கும் ஆற்றல் குறையும். கிழிசல் வழியே பெட்ரோல் இன்ஜின் எண்ணெயில் கலக்கும். எண்ணெய் நீர்த்துப்போய், உராயும் பாகங்கள் தேயத் தொடங்கும்.

'எக்குவது' என்று பாய் சொன்னபோது நமக்கு உள்ளூரச் சுருக்கென்றது. பம்ப்புக்கு 'எக்கி' என்று ஒரு கலைச்சொல் உண்டு. பல ஆண்டுகளாக அதை ஏதோ குழு கூடி உருவாக்கிய, உயிரற்ற சொல் என்றே எண்ணியிருந்தோம். நாம் பயன்படுத்தியதும் இல்லை. வயிற்றை எக்கி மூச்சிழுக்கும் உடம்பின் வினையும், தகட்டை எக்கிப் பெட்ரோலை இழுக்கும் கருவியின் வினையும் ஒன்றே என்பது, முதுகலை படித்த நமக்குத் தெரியாமல், பள்ளியைப் பாதியில் விட்டவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தகட்டைப் பட்டறையில் டயாப்ரம் என்கிறார்கள். உடற்கூற்றில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர், பாடநூல்களில் உதரவிதானம். கலைச்சொல் பொருந்தவில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் நாம், அது பொருந்தும் இடத்திற்குப் போய்ப் பார்த்ததில்லை.

பம்பைக் கழற்றிப் பிரித்தார். தகட்டின் ஓரத்தில் ஒரு கிழிசல். இரண்டு மாதப் பம்ப்! போலிச் சரக்கு என்று நாம் கொதித்தோம். "இருக்கலாம் சார், இல்லாமயும் போகலாம்" என்றவர், நெம்புகோலின் முனையை வெளிச்சத்தில் திருப்பினார். தண்டு வழக்கமாக உரசும் இடத்தைத் தாண்டி, புதிதாக ஒரு பளபளப்பான தேய்மானம். பிறகு இன்ஜினில் பம்ப் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "கட்டை எங்க?" என்று கேட்டார்.

பம்புக்கும் இன்ஜினுக்கும் நடுவே பேக்கலைட்டால் ஆன ஒரு கறுப்புத் துண்டு இருக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு வேலைகள். இன்ஜினின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுப்பது ஒன்று. சூடு ஏறினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி ஓட்டம் அறுபடும். தண்டு நெம்புகோலை எவ்வளவு தள்ள வேண்டும் என்ற அளவைக் காப்பது மற்றொன்று. முன்பு பம்பை மாற்றியவர்கள், பழைய துண்டு உடைந்ததாலோ என்னவோ, அந்த இடத்தில் மெல்லிய அட்டைப் பேக்கிங்கை வெட்டி வைத்து இறுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் தண்டு அளவுக்கு மீறித் தள்ள, தகடு அளவுக்கு மீறி இழுபட்டு, இரண்டு மாதத்தில் கிழிந்தது. எத்தனை ஒரிஜினல் பம்ப் மாற்றினாலும் இதுவே நடந்திருக்கும்.

இந்த இடத்தில் வாசகர் ஒரு குறளை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பார். நாம் மேற்கோள் காட்டப் போவதில்லை. அதை எழுதி மாட்டாத மருத்துவமனை தமிழ்நாட்டில் இல்லை. நமக்கு நினைவுக்கு வந்தவை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்தில் உள்ள ஏடுகள். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர், பொருள் விளங்காத இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடவில்லை. பல பிரதிகளை வைத்து ஒப்பிட்டு, எந்த இடத்தில் எது விடுபட்டது என்று தேடினார். ஏடு பெயர்த்தவன் விட்ட ஓர் எழுத்தும், பட்டறைக்காரர் விட்ட ஒரு கறுப்புத் துண்டும் ஒரே வகையான தொல்லையையே தருகின்றன. குறை ஓரிடத்தில் இருக்க, அதன் விளைவு வேறோரிடத்தில் தெரிகிறது.

பாய் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு அண்ணா சாலைக்கு அருகே ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனோம். முழுப் பம்ப் வேண்டாம், டயாப்ரம் கிட் போதும் என்று எழுதியிருந்தார். முதல் இரண்டு கடைகளில் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பேக்கலைட் துண்டு அங்கே இல்லை. புதுப்பேட்டையில், உடைத்த வண்டிகளின் நடுவில், எண்ணெய்ப் பிசுக்கோடு கிடைத்தது. மறுநாள் தகட்டை மாற்றி, துண்டை வைத்து, தண்டு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்து, அதற்கேற்பப் பேக்கிங்கின் தடிமனைக் கூட்டிக் குறைத்துப் பூட்டினார். பெட்ரோல் கலந்த எண்ணெயை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றினார். இதை எழுதும் இன்றுவரை வண்டி நிற்கவில்லை.

இதற்கெல்லாம் எத்தனால்தானே காரணம் என்று நண்பர்கள் கேட்டார்கள். நேர்மையாகச் சொன்னால், நம் வண்டியில் குற்றவாளி அட்டைப் பேக்கிங்தான். ஆயினும் கேள்வி அவசியமானது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025க்குள் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பது. அதை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்க வல்லது. பழைய வகை நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் திறன் 6 முதல் 7 விழுக்காடு குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு, இருபது வயதைத் தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் பத்தாயிரம் ரூபாய் ஆனது. பழைய வண்டி வைத்திருப்பவன் ரப்பர்க் குழாய்களையும் டயாப்ரத்தையும் முன்னைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும். இதில் புலம்புவதற்கு அதிகம் இல்லை. ஆனால் எல்லாப் பழுதையும் எத்தனால் கணக்கில் எழுதிவிடுவதும், நான்கு முறை பொருளை மாற்றிப் பார்த்ததைப் போன்ற ஒரு சோம்பல்தான்.

இனி வெட்கத்துக்கு வருவோம். வேலை முடிந்ததும் பாய் கூலியாக ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். நம் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: "என்ன பாய், ஒரு ரப்பர்தானே மாத்தினீங்க?" தொள்ளாயிரத்துக்குப் பேசி முடித்தோம். அவர் மறுப்பேதும் சொல்லவில்லை. அழுக்குத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். வீடு வரும் வழியில், மந்தைவெளியில் மெட்ரோ பணிக்காக அடைத்திருந்த தடுப்புகளுக்கிடையே ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான், என்ன செய்தோம் என்பது உறைத்தது. முதல் பட்டறையில், தேவைப்படாத பிளக்குக்கும் பாயிண்ட்டுக்கும் அச்சிட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். அவை கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருள்கள். பாய் காதை வைத்துக் கேட்டதும், முகர்ந்ததும், இரண்டு பாட்டில்களை வைத்துத் தருக்கம் செய்ததும், தேய்மானத்தின் இடத்தைக் கொண்டு இல்லாத ஒன்றைக் கண்டதும் சீட்டில் ஏறாதவை. அவற்றுக்கு விலை இல்லை என்று முந்நூறு ரூபாயைக் கழித்துக்கொண்டோம்.

தமிழில் இந்தத் தொழிலுக்குப் 'பழுது பார்த்தல்' என்று பெயர். நீக்குதல் என்றோ மாற்றுதல் என்றோ சொல்லாமல் பார்த்தல் என்றார்கள். பழுதைப் பார்ப்பதே தொழிலின் உயிர் என்று மொழி அறிந்து வைத்திருக்கிறது. நாமோ "என்னத்த மாத்தினீங்க?" என்று கேட்டுக் கேட்டு, மாற்றுகிறவரையே வளர்த்துவிட்டோம். தியாகராய நகர்ப் பட்டறையார்மேல் நமக்கு இப்போது கோபம் இல்லை. பார்ப்பதற்குக் கூலி தராத வாடிக்கையாளரிடம் மாற்றித்தானே பிழைக்க முடியும்?

இது பழைய வண்டிக்காரர்களின் கதை மட்டும் என்று கருத வேண்டாம். இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள் மூழ்கிய மின் மோட்டார். சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி ஒரு மெல்லிய முரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு இணைப்பில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, இறுதியில்தான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். சக ஆசிரியர் ஒருவரின் காருக்கு முழுப் பம்பையும் மாற்றி ஐந்திலக்கத் தொகை வாங்கினார்கள். மறுவாரம் வண்டி நின்றபோது குற்றம் ரிலேயில் இருந்தது தெரிந்தது. மருத்துவத்திலும் கல்வியிலும் இந்த நோய் உண்டு. மாணவன் தேறாவிட்டால் பாடத்திட்டத்தை மாற்றுகிறோம், தேர்வு முறையை மாற்றுகிறோம். அவன் எந்த வரியில் தடுக்கினான் என்று அருகில் அமர்ந்து பார்ப்பதற்கு நம் பணிப்பதிவேட்டில் பத்தியே இல்லை.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பாயின் மகன் தரமணியில் கணினி வேலை பார்க்கிறார். உதவிக்கு இருந்த பையன் அடுத்த ஆண்டு வேறு வேலைக்குப் போய்விடுவானாம். 'கட்டை எங்க?' என்று கேட்கத் தெரிந்தவர்கள் இந்நகரில் இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள்? தமிழ்த்துறைகளில் வட்டார வழக்கு ஆய்வுகள் நிறைய நடக்கின்றன. உழவர் சொற்களும் மீனவர் சொற்களும் தொகுக்கப்பட்டுள்ளன. பட்டறைச் சொற்களையும், அதைவிட முக்கியமாகப் பட்டறையின் சிந்தனை வரிசையையும், ஓர் ஆய்வு மாணவர் எழுதி வைக்கலாகாதா? 'ஏசி பம்ப்' என்பதைக் கலப்புச்சொல் என்று ஒதுக்காமலும், 'எக்கி' என்பதைச் செயற்கை என்று நகையாமலும், இரண்டையும் அவரவர் வாயில் கேட்டு எழுதினால் போதும்.

சென்ற வாரம் சந்துக்குப் போய் அந்த முந்நூறு ரூபாயைக் கொடுத்தோம். "இது எதுக்கு சார்?" என்றார். "பாத்ததுக்கு" என்றோம். புரிந்ததோ இல்லையோ, வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, நாம் கேட்காமலேயே, பானட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார்.